ஜெனீவா: இரண்டு பிராங்க் குளியலும் ஐந்து பிராங்க் காபியும்

ஜெனீவாவில் பூக்களாலேயே செய்த கடிகாரம் ஒன்று இருக்கிறது. 1955-லிருந்து இருக்கிறதாம், ஆறாயிரத்துச் சொச்சம் செடிகளாம், நொடி முள் மட்டும் இரண்டரை மீட்டர் நீளமாம். இந்த ஊரில் பார்க்க வேண்டியவை என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலேயே இது இருக்கும். நாங்கள் போனபோது படமெடுக்க வரிசை நின்றது, நாங்களும் நின்றோம், எடுத்தோம், முடிந்தது. மொத்தம் நான்கு நிமிடம். "ஏங்க, ஊட்டி மலர்க் கண்காட்சியிலயே இதைவிடப் பெரிசா பண்ணுவாங்களே" என்றாள் மனைவி. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, ஏனென்றால் அந்தத் தோட்டத்துக்கு எதிரில் இருந்த கடையில் அப்போதுதான் ஒரு காபிக்கு ஐந்து பிராங்க் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல், மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் நான்கு இரவு அங்கே தங்கினோம். திரும்பி வந்ததிலிருந்து நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஜெனீவா போகலாமா, அவ்வளவு செலவு செய்யத் தகுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஹோட்டலிலோ விடுதியிலோ தங்கினால், தங்கும் நாள் முழுவதற்கும் ஊருக்குள் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில், ஏரியைக் கடக்கும் சின்னப் படகு எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் போக்குவரத்து அட்டையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். எங்களுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் வந்துவிட்டது, விமான நிலையத்திலிருந்து நடு ரயில் நிலையமான கோர்னவானுக்கு அதை வைத்தே வந்துவிட்டோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் டிக்கெட் கேட்கும் தடுப்போ கதவோ எங்கும் கிடையாது, ஆனால் திடீரென்று பரிசோதகர்கள் ஏறுவார்கள், அட்டை போனில் இருந்தால் போன் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கெட்ட செய்தி, ஹோட்டல் அறை. பெயர் சொல்லவில்லை, ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மூன்று நட்சத்திரம். பெட்டியைத் திறந்து வைத்தால் ஒருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். ஏசி கிடையாது. வரவேற்பில் கேட்டதற்கு ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த மாநிலத்தில் கட்டடங்களில் ஏசி பொருத்துவதற்கே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் லேசில் கிடைக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வெயிலே தெரியாத ஊர் என்று நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டையெல்லாம் எடுத்துப் போயிருந்தோம், அங்கே முப்பத்து மூன்று டிகிரி. கோடையில் போகிறவர்கள் ஹோட்டலைப் பதியும்போதே ஏசி உண்டா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் புழுக்கம்தான் எங்களை ஏரிக்குள் தள்ளியது, அதனால் அந்த ஹோட்டலுக்கு ஒரு வகையில் நன்றி.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம். நாம் ஜெனீவா ஏரி என்கிறோம், அங்கே அப்படிச் சொன்னால் ஊர்க்காரர்களுக்கே வேறு மாதிரி இருக்கும், அவர்களுக்கு அது லெமான். பிறை வடிவம், ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 310 மீட்டர். வடகரை ஸ்விட்சர்லாந்து, தென்கரையில் பெரும்பகுதி பிரான்ஸ். கிழக்கு முனையில் ரோன் ஆறு மலையிலிருந்து கலங்கலாக வந்து விழுகிறது, மேற்கு முனையில் ஜெனீவா நகரத்துக்கு நடுவே கண்ணாடி மாதிரி வெளியே போகிறது. குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதியும் இந்த ஏரியிலிருந்துதான். தெருவுக்குத் தெரு இருக்கிற நீரூற்றுக் குழாய்களில் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம், நாலு நாளும் ஒரு தண்ணீர் பாட்டில்கூடக் கடையில் வாங்கவில்லை. (உணவகத்தில் வாங்க வைத்தார்கள், அந்தக் கதை பின்னால் வருகிறது.)

ஏரி முகத்தில் 140 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சும் ஊற்றைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், ஜெ தோ என்பார்கள். நொடிக்கு 500 லிட்டர், கிளம்பும்போது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். சரி, பெரிய ஃபவுண்டன், இதில் என்ன என்றுதான் நானும் நினைத்தேன். அதன் கதை தெரிந்த பிறகுதான் பிடித்தது. 1886-இல் ரோன் ஆற்றின் மேல் இருந்த நீரேற்று நிலையத்திலிருந்து நகரத்துப் பட்டறைகளுக்கு அழுத்தமேற்றிய தண்ணீரைக் குழாயில் அனுப்பினார்கள், இயந்திரங்கள் அந்த விசையில் ஓடின. சாயங்காலம் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக இயந்திரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக, குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வெடிக்காமல் இருக்க ஒரு வால்வைத் திறந்து தண்ணீரை வானத்தில் விட்டார்கள். அதாவது நம் வீட்டுக் குக்கர் விசில்தான். ஜனங்களுக்கு அது பிடித்துப்போக, 1891-இல் இப்போது இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து காட்சிப் பொருளாக்கிவிட்டார்கள். இன்றைய உயரம் 1951-லிருந்து. பலத்த காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், எங்களுக்கும் ஒரு மதியம் முழுக்க நின்றுபோனது. ஓடும்போது பக்கத்துக் கல்பாதையில் நடந்து போகலாம், காசு கிடையாது, காற்று திரும்பினால் உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைவீர்கள், போனை முதலில் பையில் போட்டுவிடுங்கள்.

இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மஞ்சளும் சிவப்பும் அடித்த குட்டிப் படகுகள் ஓடுகின்றன, முவெத் என்று பெயர், கடற்காகம் என்று அர்த்தம். 1897-லிருந்து ஓடுகிற சேவை. ஹோட்டல் அட்டையே போதும். சுற்றுலாப் படகுக்காரர்கள் இதே தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டக் காசு வாங்குகிறார்கள், பாக்கி என்ற துறையிலிருந்து எதிர்க்கரை மொலார் துறைக்கு முவெத்தில் போய், அங்கிருந்து நடந்து ஓவீவ் துறைக்குப் போய், மறுபடி பாக்கிக்கு முவெத்தில் வந்தால் அந்தச் சுற்று இலவசமாகவே முடிந்துவிடும். நாங்கள் ஒரே நாளில் ஐந்து முறை ஏறினோம். ஓட்டுநர் ஐந்தாம் முறை பார்த்துச் சிரித்தார்.

இனி குளியல். இந்த விமர்சனமே அதற்காகத்தான்.

பேன் தே பாக்கி. பாக்கி என்ற பேட்டையின் குளியல் துறை என்று பொருள். பெயரை நான் படித்ததும் மனைவி தலையைச் சொறிந்தாள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டு போகிற ஒரு கல்லணை, அதன் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கம், நடுவில் 1932-இல் கட்டிய வெள்ளைக் கான்கிரீட் மேடைகள், ஏணிகள், குதிக்கும் பலகைகள், உடை மாற்றும் அறைகள், ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. 1980-களில் இதை இடித்துவிட்டு நவீனமாகக் கட்டலாம் என்று நகராட்சி திட்டம் போட்டது, ஊர்க்காரர்கள் கூட்டம் சேர்த்து, 1988-இல் வாக்கெடுப்பு நடத்தி, இடிக்க விடாமல் நிறுத்திவிட்டார்கள். பின்னாலேயே ஒரு இரவுக்குப் பல நூறு பிராங்க் வாங்கும் நட்சத்திர ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் ஜன்னலிலிருந்து தெரிகிற அதே ஏரிக்குள் நாம் குதிக்கக் கட்டணம் 2 பிராங்க். ஐந்து பிராங்க் காபியைக் குடித்தவனுக்கு இது கணக்கிலேயே சேராது.

தண்ணீர் எப்படி? சில்லென்று இருக்கும், ஆனால் ஆகஸ்டில் குற்றாலத்து அருவியைவிடக் கொடுமையில்லை. ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினால் இடுப்பு வரும்போது உயிர் போய்விடும், அங்கே உள்ள பிள்ளைகள் செய்வது மாதிரி தொபுக்கென்று குதித்துவிடுவதுதான் நல்லது. அடியில் கல் தெரிகிறது, மீன் தெரிகிறது, எதிரே அந்த 140 மீட்டர் ஊற்று, இடது பக்கம் தூரத்தில் வானம் தெளிவாக இருந்தால் மோன் பிளாங்க் பனிச் சிகரம். கிணற்றில் நீச்சல் பழகியவன் நான், இவ்வளவு அகலத் தண்ணீரில் மல்லாந்து கிடந்து மலையைப் பார்த்தது இதுதான் முதல்தடவை. மனைவிக்கு நீச்சல் தெரியாது, அவள் கல்லணையில் உட்கார்ந்து காலை விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தாள். எழுந்து வர மனமில்லை அவளுக்கு. கூட்டம் கலவையானது, வங்கிக்காரர் மாதிரி இருப்பவர் துண்டை விரித்திருப்பார், பக்கத்திலேயே எரித்திரியக் குடும்பம், அதற்குப் பக்கத்தில் தனியாகச் சீட்டாடும் பாட்டி. ஜெனீவாவில் வேறு எங்கேயும் இந்தக் கலவையைப் பார்க்கவில்லை.

குறைகளும் உண்டு. மதியம் இரண்டு மணிக்கு மேல் மேடையில் கால் வைக்க இடமிருக்காது. பொருள்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, மாற்றி மாற்றி நீந்தினோம். அப்புறம், வெயில் காலத்தில் தண்ணீரில் ஒரு ஒட்டுண்ணிப் புழு இருக்கும், வாத்திலிருந்து வருவது, தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். ஆபத்தில்லை, ஏறி வந்தவுடன் குழாயில் குளித்துத் துண்டால் நன்றாகத் துடைத்தால் போதும். ஊர்க்காரர்கள் அதை வாத்துத் தெள்ளு என்கிற மாதிரி ஒரு பெயரில் கூப்பிடுகிறார்கள். நான் முதல்நாள் சோம்பேறித்தனமாக அப்படியே வெயிலில் காய்ந்தேன், ராத்திரி முழுக்க முழங்காலைச் சொறிந்தேன். "பேன்னு பேர்லயே போட்டிருக்கானே" என்றாள் மனைவி.

அங்கேயுள்ள கொட்டகையில் அன்றன்றைய சாப்பாடு என்று ஒன்று எழுதிப் போடுவார்கள், பதினைந்து பிராங்க் அளவில். தட்டை நாமே எடுத்துக்கொண்டு நீள மேசையில் யார் பக்கத்திலாவது உட்கார வேண்டும். சுமாரான ருசி, நிறைந்த வயிறு, ஜெனீவாவில் அந்த விலைக்கு உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் இங்கேயே சீஸ் ஃபோண்டு போடுவார்களாம், நீராவிக் குளியல் எடுத்துவிட்டு நேராக உறைகிற ஏரியில் குதிக்கிறவர்களும் உண்டு. வடகிழக்கிலிருந்து பீஸ் என்று ஒரு காற்று அடிக்கும், அது ஏரி நீரைத் தூக்கிக் கரையிலிருக்கும் காரின் மேல் வீசிப் பனிக்கட்டியாக்கிவிடும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் போகிறவர்கள் எழுதுங்கள், நான் போக மாட்டேன்.

கோடையில் இதே இடத்தில் விடியற்காலை 6 மணிக்குக் கச்சேரி. இலவசம். நாங்கள் மூன்றாம் நாள் போனோம், ஐந்தரைக்கு எழுந்து தூக்கக் கலக்கத்தோடு நடந்து போனால், இருட்டு பிரியாத நேரத்திலேயே நூற்றுக்கணக்கானவர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மார்கழி பஜனைதான் நினைவுக்கு வந்தது, பொங்கல் மட்டும்தான் குறை. செல்லோவும் இன்னொரு கம்பி வாத்தியமும், யார் வாசித்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. வாசிப்புக்கு நடுவில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தது. முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள், அதிலிருந்து அப்படியே வேலைக்குப் போவார்கள்போல.

பழைய நகரத்தை வேகமாகவே சொல்லிவிடுகிறேன். 1160-வாக்கில் கட்டத் தொடங்கிய சான் பியர் தேவாலயம், உள்ளே சுத்தமாக வெறுமை, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர் கால்வின் உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். உள்ளே போக இலவசம், கோபுரத்துக்குக் கட்டணம், 157 படிகள், முழங்கால் நன்றாக இருந்தால் ஏறுங்கள், ஏரி முழுக்கத் தெரியும். அங்கிருந்து இறங்கினால் 1767-இல் போட்ட, 120 மீட்டர் நீள மரப் பெஞ்சு ஒன்று. அதே மேட்டில் ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரம், அதில் முதல் இலை விரிகிற நாளை ஓர் அரசு அலுவலர் பார்த்துப் பதிவேட்டில் எழுதி வசந்தம் வந்துவிட்டதாக அறிவிப்பார், 1818-லிருந்து இதை விடாமல் செய்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களின் குணம் அந்த ஒரு மரத்தடியிலேயே தெரிந்துவிடும். கீழே பூங்காவில் சீர்திருத்தக்காரர்கள் சிலைச் சுவர், நாலு தாடிக்காரர்களும் நம்மை முறைக்கிறார்கள், அதைவிட வாசலில் ஆளுயரக் காய்களை வைத்துச் செஸ் ஆடும் கிழவர்களை வேடிக்கை பார்ப்பது மேல்.

ஐக்கிய நாடுகள் மாளிகைக்கு உள்ளே போக முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும், எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. வெளியே சதுக்கத்தில் ஒரு கால் உடைந்த 12 மீட்டர் மர நாற்காலி, கண்ணிவெடிக்கு எதிராக 1997-இல் வைத்தது. தரையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மனித உரிமைப் பேரவை கூடும் மாதங்களில் ஈழத்தமிழர்கள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்து நிற்கிற இடம் இதுதான். 2009 பிப்ரவரியில், இலங்கைப் போரை நிறுத்தக் கோரி முருகதாசன் என்ற ஈழத்தமிழ் இளைஞர் தீக்குளித்ததும் இந்த மாளிகை வாசலில்தான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு வந்தோம்.

செர்ன் என்கிற அணுத்துகள் ஆராய்ச்சி மையத்துக்குப் போக 18-ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தம். 2023-இல் திறந்த அறிவியல் கண்காட்சி அரங்கம் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அரை நாள் பத்தாது. ஒரு எச்சரிக்கை: இந்தியா 2004-இல் கொடுத்த இரண்டு மீட்டர் நடராஜர் சிலை வளாகத்துக்கு உள்ளே இருக்கிறது, கண்காட்சிக்கு வருகிறவர்கள் அங்கே போக முடியாது. நான் அதைப் பார்க்கவே போனவன். வேலிக்கு வெளியே நின்று அந்தத் திசையில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான் தரிசனம்.

சாப்பாடு. ஏரிக்கரைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது பெர்ச் மீன் வறுவல். கரையோர உணவகம் ஒன்றில் உட்கார்ந்தோம், பெயர் வேண்டாம், வெள்ளைத் துணி விரித்த மேசை. மீன் 40 பிராங்குக்கு மேல். விரல் அளவுத் துண்டுகள், வெண்ணெயும் எலுமிச்சையும், ருசி நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இந்த ஏரியைச் சுற்றிப் பரிமாறுகிற பெர்ச்சில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது, கார்டில் சின்ன எழுத்தில் நாட்டின் பெயர் போட்டிருக்கும், எங்களுடையது போலந்து. ஏரியைப் பார்த்துக்கொண்டே போலந்து மீன் தின்றோம். தண்ணீர் கேட்டேன், குழாய்த் தண்ணீர் என்று கை ஜாடையோடு சொன்னேன், தலையாட்டிவிட்டு மூடி போட்ட பாட்டிலைக் கொண்டுவந்து அவரே திறந்தும் வைத்தார். பில்லில் 9 பிராங்க். கேட்டால் புரியாத மாதிரி சிரிப்பு. பாட்டில் திறக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அது என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் அந்த இடத்துக்கு இன்னொரு முறை போக மாட்டேன்.

மற்ற வேளைகளுக்கு மீக்ரோ, கோப் சூப்பர் மார்க்கெட்டுகள்தான், ரொட்டி, தயிர், பழம், சமைத்த சாப்பாடு எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்துக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பாக்கி தெருக்களில் நடக்கும்போது ஒரு கடை வாசலில் கறிவேப்பிலை வாசம் வந்தது. உள்ளே முருங்கைக்காய், ராசவள்ளிக் கிழங்கு, கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸ். கல்லாவில் இருந்த அக்கா எங்களைப் பார்த்ததும், "இந்தியாவில இருந்து வாறீங்களோ? சாப்பிட்டிட்டீங்களோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருடத்துக்கு மேல். எங்கே எல்லாம் போனீர்கள் என்று கேட்டவர், குளியல் துறையைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டார். "எங்கட பிள்ளையள் ரெண்டும் அங்கதான் நீந்தப் பழகினவை. நான் இன்னும் இறங்கேல்ல, குளிர்." ரோல்ஸ் சூடாக, காரமாக இருந்தது. ஆளுக்கு மூன்று தின்றோம், அதுதான் நாலு நாளில் நாங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடு.

கடைசி முழு நாளை இவ்வாருக்கு வைத்துக்கொண்டோம், பிரெஞ்சுக் கரையில் கல்வீடுகளும் கோட்டையுமாக இருக்கிற கிராமம். பெரிய கப்பலுக்கு ஹோட்டல் அட்டை செல்லாது, தனி டிக்கெட், ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கவலையில்லை. ஜெனீவாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இவ்வார் அழகுதான், ஆனால் பத்து வீட்டுக்கு ஒரு ஐஸ்கிரீம் கடை, ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது. கப்பல்தான் சலிக்கவில்லை. இந்த ஏரியில் 1904-க்கும் 1927-க்கும் இடையில் கட்டிய எட்டு சக்கரக் கப்பல்கள் இருக்கின்றன, அதில் ஐந்து இன்றும் நீராவியிலேயே ஓடுகின்றன. எந்தப் பயணத்துக்கு எது வரும் என்று அட்டவணையில் குறி போட்டிருப்பார்கள், பார்த்து ஏறுங்கள். கப்பலின் நடுவில் தரையைத் திறந்துவிட்டு இயந்திரம் ஓடுவதை மேலிருந்து பார்க்க விட்டிருக்கிறார்கள், எண்ணெய் மினுங்குகிற இரும்புக் கைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் கரையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் விமானம். காலை ஏழு மணிக்கு மறுபடி பேன் தே பாக்கி. கூட்டமே இல்லை. மனைவி ஏணியில் நான்கு படி இறங்கி, கழுத்து வரை தண்ணீரில் நின்று, கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினாள், பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு தாத்தா கை தட்டினார். துண்டு காயவில்லை. இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்தோம், துபாயில் விமானம் மாறும்போது திறந்து பார்த்தால் பாஸ்போர்ட் உறை ஈரம்.